இடது கைக்காரனுக்கு வலது மூளையா?

கேள்வி: என் மகன் இடது கையால் எழுதுகிறான். ஒருமுறை போன வழியையும் பார்த்த முகத்தையும் மறக்கவே மாட்டான், ஆனால் நாலு வரி மனப்பாடச் செய்யுள் என்றால் திணறுகிறான். "இடது கைக்காரர்களுக்கு வலது மூளைதான் வேலை செய்யும், பார்த்ததெல்லாம் படம் பிடித்த மாதிரி பதியும், அதற்கேற்ற பயிற்சி தருகிறேன்" என்கிறார் ஒருவர். நம்பலாமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: பாதி உண்மையைச் சொல்லி முழு ஃபீஸ் கேட்கிறார்!

இடது கையை ஆட்டுவிப்பது மூளையின் வலது பாதி, அது சரி. அதற்காக மற்ற வேலைகளும் இடம் மாறிவிடாது. வலிப்பு நோய்க்கு அறுவை செய்யும் முன் பேச்சு எந்தப் பக்கம் இருக்கிறது என்று அறிய, கழுத்து ரத்தக்குழாயில் மருந்து செலுத்தி மூளையின் ஒரு பாதியை மட்டும் சில நிமிடம் தூங்கவைப்பார்கள். ஜுன் வாடா என்ற மருத்துவர் கொண்டுவந்த சோதனை இது. நோயாளி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இருப்பார், மருந்து ஏறியதும் எதிர்ப்பக்கத்துக் கை தொப்பென்று விழும், பேச்சும் அந்தப் பாதியில்தான் என்றால் எண்ணுவதும் நின்றுபோகும். கனடாவின் மான்ட்ரியல் நகரில் இப்படிச் சோதிக்கப்பட்டவர்களின் கணக்கு 1977இல் வெளிவந்தது: வலது கைக்காரர்களில் 96 சதவீதம் பேருக்குப் பேச்சு இடது பாதியில். இடது கைக்காரர்களில்? அங்கேயும் 70 சதவீதம் பேருக்கு இடதுதான்! ஆக, கையைப் பார்த்து மூளைக்கு ஜாதகம் எழுத முடியாது.

சரி, காட்சி நினைவுக்கு வருவோம். அதே மான்ட்ரியலில் பிரெண்டா மில்னர் என்ற மூளை-நினைவு ஆய்வாளர் கண்டது, வலிப்பு நோய்க்காக வலது நெற்றிப்பொட்டுப் பக்கத்து மூளைப் பகுதியை அகற்றியவர்களுக்கு முகங்களும், பேர் வைக்க முடியாத கோணல்மாணலான உருவங்களும் மனதில் நிற்கச் சிரமப்பட்டன. இடது பக்கம் அகற்றியவர்களுக்குக் கேட்ட கதையும் சொற்களும். ஆனால் மாம்பழப் படத்தைப் பார்த்தால் 'மாம்பழம்' என்ற சொல்லும் கூடவே பதிகிறதே, அதில் இரண்டு பாதிக்கும் பங்கு உண்டு. உங்கள் பையன் வழியை நினைவு வைப்பதும் 'பிள்ளையார் கோயில் தாண்டி லெஃப்ட்' என்று சொல்லாகவும்தான் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

செய்யுளை வரிக்கு ஒரு படமாக அவனையே வரையச் சொல்லுங்கள். படம் வெறும் சொல்லைவிட நன்றாக நிற்பது எந்தக் கைக்காரருக்கும் பொது. யானையும் தேரும் வருகிற பாட்டாக முதலில் எடுங்கள், அறிவுரைப் பாட்டெல்லாம் அப்புறம். பயிற்சி வகுப்புக்குக் கட்டவிருந்த பணத்தில் கலர் பென்சில் வாங்கிக் கொடுங்கள், மீதி நிறைய இருக்கும்.