மேற்கு வெயிலுக்கு எந்த ஜன்னல்?

கேள்வி: வீடு கட்டி வருகிறோம். ஹாலும் ஒரு படுக்கையறையும் மேற்குப் பார்த்தவை. ஆசாரி தேக்கு நிலைதான் வேண்டும் என்கிறார். மேஸ்திரி அலுமினியம் போதும் என்கிறார். கடைக்காரரோ யுபிவிசி எனும் கெட்டிப் பிளாஸ்டிக்தான் வெயிலுக்கு ஏற்றது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: மேற்குப் பக்கத்துக்கு யுபிவிசியும் மற்றப் பக்கங்களுக்கு அலுமினியமும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கும் முன்னால் மேற்கு ஜன்னல்களுக்கு நிழல் ஏற்பாடு செய்யுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். ஏனெனில் வெப்பம் பெரும்பாலும் நுழைவது நிலை வழியாக அன்று, கண்ணாடி வழியாக. சாதாரணக் கண்ணாடி, தன்மேல் நேராக விழும் வெயிலின் வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடும். ஏப்ரல் நடுவில் உங்கள் ஊரில் உச்சிச் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்பதால், தெற்கு ஜன்னலைச் சிறிய சன்ஷேடே காத்துவிடுகிறது, மாலை 4.30 மணிக்கோ சூரியன் மேற்கே ஏறத்தாழ 30 டிகிரி உயரத்துக்கு இறங்கிவிடுவதால், இரண்டடி நீட்டிய சன்ஷேடும் ஜன்னலின் மேல்பக்கம் ஓரடிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் நிழல் தரும். வராந்தா இறக்க இடமிருந்தால் இறக்குங்கள். இல்லையென்றால் வெளிப்புறத்தில் மூங்கில் தட்டியாவது தொங்கவிடுங்கள். உள்ளே போடும் திரை அந்த அளவுக்கு உதவாது.

இனி நிலைக்கு வருவோம். மரத்தோடும் யுபிவிசியோடும் ஒப்பிட்டால் அலுமினியம் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வெப்பத்தைக் கடத்தும். மாலை வெயில் படும் சட்டத்தை உட்புறமிருந்து தொட்டாலே சுடும். நடுவே பாலிஅமைடு எனும் பிளாஸ்டிக் பட்டை வைத்து வெப்பத்தைத் தடுக்கும் அலுமினியம் உண்டு, விலைதான் கூடுதல். நிழல் விழும் வடக்குப் பக்கத்துக்கும் குளியலறைக்கும் சாதாரண அலுமினியமே தாராளம்.

யுபிவிசி வெப்பத்தைக் கடத்தாது, கரையானும் அரிக்காது. ஆனால் வெயிலில் நீளும். இரண்டு மீட்டர் சட்டம் 30 டிகிரி சூடு ஏறினால் மூன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு நீளும் என்பதால், சுவருக்கும் நிலைக்கும் நடுவே சிமெண்டை இறுக்கி அடைக்காமல் சிறு இடைவெளி விட்டு, நெகிழ்ந்து கொடுக்கும் அடைப்புப் பசையான சீலண்ட் பூச வேண்டும். அடர்ந்த நிறம் சூட்டை அதிகம் வாங்கும், வெள்ளையே நல்லது. வாங்குமுன் ஒரு வெட்டுத் துண்டைக் கேட்டு, குறுக்குவெட்டில் உள்ளே துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம் இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். அது இல்லாத பெரிய ஜன்னல் சில கோடைகளில் வளைந்து, தாழ்ப்பாள் பொருந்தாமல் போகும்.

ஸ்லைடிங் ஜன்னலை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று உங்களுக்குப் பெரும் பேறு. ஸ்லைடிங்கில் எப்போதும் பாதி மூடியே இருக்கும், கீல் வைத்த கதவோ முழுவதும் திறக்கும். தென்மேற்குப் பருவமழையும் அதே மேற்குச் சுவரில்தான் சாய்ந்து அடிக்கும். அடிச்சட்டத்தின் வெளிப்பக்கத்தில் தண்ணீர் வடிவதற்காக விட்டிருக்கும் சிறு துளைகளைப் பூச்சு வேலையின்போது சிமெண்ட் அடைத்துவிட்டால், மழைநீர் சட்டத்தில் தேங்கி ஹாலுக்குள் வழியும். வேலை முடிந்ததும் ஒரு குவளைத் தண்ணீரை அடிச்சட்டத்தில் ஊற்றி, அது வெளியே வடிகிறதா என்று பார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் தாத்தா காலத்துத் தேக்கு ஜன்னல்கள் மழைக்காலத்தில் இறுகிக்கொள்கின்றன. மாற்றிவிடலாமா?
– வாசகி, வேலந்தாவளம்

பதில்: வேண்டாம், அம்மா. மரம் ஈரத்தை உறிஞ்சி உப்புவதுதான் காரணம். இறுகும் இடத்தை மழையிலேயே பென்சிலால் குறித்து வைத்து, இழைப்பதை மாசி, பங்குனியில் மரம் நன்றாகக் காய்ந்த பிறகு செய்யச் சொல்லுங்கள். ஈரத்தில் இழைத்தால் கோடையில் விரல் நுழையும் இடைவெளி விழும். இழைத்த பரப்புக்கும், பெரும்பாலும் பெயிண்ட் அடிக்காமலே விட்டுவிடும் கதவின் அடிவிளிம்புக்கும் இரண்டு பூச்சுக் கொடுக்க வேண்டும். தண்ணீர் அதிகம் ஏறுவது அந்த அடிவிளிம்பு வழியாகத்தான்.