கேள்வி – பதில்: ‘பான்ட்டர்’ என்றால் கேலியா?

கேள்வி: அலுவலகத்தில் ஒருவர் என் பேச்சுத் தமிழைப் பழித்துவிட்டு, ‘பான்ட்டர்தான்’ என்கிறார். இச்சொல்லின் பொருள் என்ன?
– வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: பழகியவர்கள் மனத்தாங்கல் இல்லாமல் ஒருவரையொருவர் சீண்டி, சொல்லுக்குச் சொல் திருப்பிக் கொடுக்கும் கேலிப்பேச்சையே ஆங்கிலத்தில் ‘பான்ட்டர்’ என்பார்கள். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழக்குக்கு வந்த இச்சொல்லின் வேர் இன்றுவரை தெளிவாகவில்லை. ‘கலிவரின் பயணங்கள்’ எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட் 1710இல் இதைக் கொச்சைச் சொல்லென்று கண்டித்தார்.

நம் கல்யாண வீட்டுப் பந்தியில் மாமன் மகள், “அத்தான், இது மூன்றாவது தட்டு, அண்டாவையே கொண்டு வரட்டுமா?” என்று கேட்க, “கொண்டு வா, நீ சமைத்ததாக மட்டும் இருக்கக்கூடாது” என்று அவர் சொல்ல, இருவருமே சிரிக்கிறார்களே, அதுதான் பான்ட்டர். ‘கிண்டல்’ இதற்கு ஓரளவே பொருந்தும், ஏனெனில் கிண்டலை ஒருவரே செய்துவிடலாம். இதற்கோ இருவர் வேண்டும்.

உங்கள் அலுவலகத்தவர் செய்வது ஏளனம். திருப்பிச் சொல்ல இடமில்லாமல் ஒருவர் மனம் நோகும் பேச்சுக்கு ‘பான்ட்டர்’ என்ற பெயர் பொருந்தாது என்று அவரிடமே தயங்காமல் சொல்லுங்கள்.