போனை வாங்கினால் அழுகிறான், லீவை எப்படி ஓட்டுவது?

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. யு.கே.ஜி. முடித்துவிட்டான், ஜூனில் ஒன்றாம் வகுப்பு போகிறான். லீவு விட்டதிலிருந்து எழுந்ததும் போன்தான் கேட்கிறான். நான் வீட்டிலேயே பனியன் துணி தைத்துக் கொடுக்கிறேன், கணவருக்கு ஷிப்ட் வேலை. மாமியாருக்கு முழங்கால் வலி, அவனுக்குப் பின்னால் ஓட முடியாது. ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தையும் இருக்கிறாள். போன் கொடுத்தால்தான் எனக்கு வேலை நடக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் பார்க்கிறான், சாப்பாடும் போன் முன்னால்தான். வாங்கினால் தரையில் புரண்டு அழுகிறான். கண் கெட்டுவிடுமா? 'இவன் ஹைப்பர் ஆக்டிவ், டாக்டரிடம் காட்டு' என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். சம்மர் கிளாஸ் சேர்க்க வசதி இல்லை. என்ன செய்வது?
- வாசகி, திருப்பூர்

மருத்துவர் பதில்:

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை முதலில் முடித்துவிடுவோம். அதீத துறுதுறுப்பு என்ற பிரச்சினை இருக்கும் குழந்தை வீட்டில் மட்டும் அப்படி இருக்காது. பள்ளி, உறவினர் வீடு என்று குறைந்தது இரண்டு இடங்களிலாவது, ஆறு மாதத்துக்கு மேல், அதே தொந்தரவு தெரிய வேண்டும். உங்கள் கடிதத்தில் யு.கே.ஜி. மிஸ் குறை சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. லீவு விட்ட பிறகு, அதுவும் போனை வாங்கும்போது மட்டும் வரும் ஆட்டத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது. சந்தேகம் தீரவில்லை என்றால் மிஸ்ஸிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வகுப்பில் உட்கார்ந்தானா, தன் முறை வரும்வரை காத்திருந்தானா என்று கேட்டால் போதும். 'ஆமாம்' என்று பதில் வந்தால் நிம்மதியாக இருங்கள்.

அடுத்தது கண். போன் வெளிச்சம் பட்டுக் கண் கருகிவிடாது. ஆனால் உற்றுப் பார்க்கும்போது குழந்தை இமைப்பது குறையும். அதனால் கண் உலர்ந்து எரியும், கசக்குவான். இதைவிட நான் கவலைப்படுவது கிட்டப்பார்வையைப் பற்றித்தான். நாள் முழுக்க வீட்டுக்குள் பக்கத்துப் பொருளையே பார்க்கும் குழந்தைகளுக்கு அது சீக்கிரம் வருகிறது. வெளி வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது, அது கிட்டப்பார்வைக்குக் காரணமான, கண் தேவைக்கு மேல் நீளமாக வளர்வதைத் தடுக்கிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியே இருக்கச் சொல்லி ஒரு திட்டமே நடத்துகிறார்கள். அதற்காகக் கத்திரி வெயிலில் நிறுத்திவிடாதீர்கள். மரநிழலில் இருக்கும் வெளிச்சமே வீட்டு ட்யூப்லைட்டைவிடப் பல மடங்கு அதிகம். காலை ஒன்பதுக்குள் ஒரு மணி நேரம், மாலை ஐந்துக்கு மேல் ஒரு மணி நேரம் வெளியே இருந்தால் போதும்.

சரி, போன். 2 முதல் 4 வயதுக் குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. ஐந்து வயதுக்கும் நான் அதே அளவைத்தான் சொல்வேன். ஐந்தாறு மணி நேரத்திலிருந்து நாளைக்கே ஒரு மணி நேரத்துக்கு இறங்கச் சொன்னால் உங்களாலும் முடியாது, அவனாலும் முடியாது. முதலில் சாப்பாட்டு நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். போன் பார்த்துக்கொண்டு சாப்பிடும் குழந்தைக்குப் பசியும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது, நாம் ஊட்டுவது உள்ளே போய்க்கொண்டிருக்கும். போன் இல்லாமல் உட்கார வைத்தால் முதல் சில நாள் பாதித் தட்டோடு எழுந்துவிடுவான். எழட்டும். இடையில் பிஸ்கட்டோ முறுக்கோ கொடுக்காமல் இருந்தால் அடுத்த வேளை பசித்துச் சாப்பிடுவான். ஓடியாடும் ஐந்து வயதுக் குழந்தை ஒரு வேளை குறைவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது.

சாப்பாடு பழகிய பிறகு மற்ற நேரத்தைக் குறையுங்கள். பார்க்கும் நேரம் தினமும் ஒரே வேளையில் இருக்கட்டும். நீங்கள் அவசரமாக பீஸ் முடித்துக் கொடுக்க வேண்டிய மதிய நேரமாகவே அது இருக்கலாம், அதில் குற்ற உணர்வு தேவையில்லை. ஒரு வீடியோ முடிந்ததும் தானாக அடுத்தது ஓடும் வசதியை அணைத்து வையுங்கள். இந்தச் சண்டையில் பாதிக்கு அதுதான் காரணம், முடிவே வராத ஒன்றை எந்தக் குழந்தை தானாக நிறுத்தும்? 'இது முடிஞ்சதும் அம்மா கையில குடுத்துடணும்' என்று தொடங்கும் முன்பே சொல்லுங்கள். பின்னாலிருந்து பிடுங்காமல் எதிரே உட்கார்ந்து கையை நீட்டுங்கள்.

அழுவான். இருபது நிமிடம் அழுத பிறகு, தாங்க முடியாமல் கொடுத்துவிட்டீர்கள் என்றால் 'இருபது நிமிடம் அழுதால் கிடைக்கும்' என்று படித்துக்கொள்வான், மறுநாள் அரை மணி நேரம் அழுவான். அதனால் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் அழுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள், 'இல்லை' என்று சொல்லிவிட்டால் பிறகு மாற்றாதீர்கள். மாமியாரும் கணவரும் இதில் உங்கள் பக்கம் நிற்க வேண்டும். பாட்டி முந்தானைக்குள் மறைத்து போனைக் கொடுக்கும் வீட்டில் எந்த வைத்தியமும் பலிக்காது. உறுதியாக இருந்தால் ஓரிரு வாரத்தில் அழுகை நன்றாகக் குறைந்துவிடும். முதல் சில நாள் கூடும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஷிப்டில் இருக்கும் அப்பாவோடு வீடியோ காலில் பேசுவதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

போனை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன வைப்பது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. மணிக்கு ஒரு விளையாட்டு என்று டைம்டேபிள் போட வேண்டாம், இரண்டாம் நாளே சலித்துவிடும், உங்களுக்குத்தான். 'போர் அடிக்குதும்மா' என்று வந்தால் 'அப்படியா கண்ணு' என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். உடனே ஏதாவது கொடுக்காமல் கொஞ்ச நேரம் விட்டால் பெரும்பாலான குழந்தைகள் தாங்களே ஒன்றைக் கண்டுபிடிக்கும். கண்டுபிடிக்க வீட்டில் ஏதாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் இருக்கிறது. பனியன் வேஸ்ட் துணியை ஒரு பையில் போட்டு அவனுக்கென்று கொடுங்கள். நிறம் நிறமாகப் பிரிப்பான், முடிச்சுப் போடுவான், பந்து சுற்றுவான், தங்கைக்குத் தலைப்பாகை கட்டுவான். காலியான நூல் கோன்களை அடுக்கிக் கோபுரம் கட்டுவான், பந்தை உருட்டி அதையே இடிப்பான். இதெல்லாம் விளையாட்டாகவே இருக்கட்டும். கை வேகமாக இருக்கிறதே என்று பிசிறு வெட்ட உட்கார வைத்துவிடாதீர்கள். மெஷின் ஓடும்போது பெடலுக்குப் பக்கத்தில் வராதபடி தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அதற்கு அந்தப் பக்கம்தான் அவன் இடம் என்று வையுங்கள். கத்திரியும் ஊசி டப்பாவும் மேலே இருக்கட்டும்.

சமையலறையிலும் வேலை இருக்கிறது. சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை கொடுங்கள். பிசைந்து, உருட்டி, பாம்பு செய்து, அழுக்காக்கித் திருப்பிக் கொடுப்பான். கீரை ஆய்வது, பட்டாணி உரிப்பது எல்லாம் விரலுக்கு நல்ல பயிற்சி. ஒன்றாம் வகுப்பில் பென்சில் பிடித்து எழுத விரலில் வலு வேண்டும், லீவில் நான்கு கோடு நோட்டு வாங்கி எழுத வைப்பதைவிட இது மேல் என்பது என் கருத்து. அதேபோல் ஐந்து வயதுக்கு அபாகஸ், ஹேண்ட்ரைட்டிங் என்று பணம் கட்டும் வகுப்புகள் எதுவும் அவசியமில்லை. சம்மர் கிளாஸ் சேர்க்க முடியவில்லையே என்ற வருத்தத்தை விட்டுவிடுங்கள்.

பாட்டிக்கு முழங்கால்தானே வலி, வாயும் கையும் நன்றாகத்தானே இருக்கின்றன? பல்லாங்குழிப் பலகை இல்லாவிட்டால் தரையில் 14 வட்டம் போட்டுப் புளியங்கொட்டை வைத்து ஆடச் சொல்லுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தே ஆட வேண்டுமென்றால் ஒரு ஸ்டூலில் தாயமோ பரமபதமோ விரிக்கலாம். எண்ணுவது, தன் முறை வரும்வரை காத்திருப்பது, பாம்பு கடித்துக் கீழே இறங்கினால் அழாமல் இருப்பது என்று பள்ளிக்கு வேண்டிய பல விஷயங்கள் அதிலேயே வந்துவிடும். மாலையில் தெருப் பிள்ளைகளோடு பாண்டி, கல்லா மண்ணா என்று ஓடட்டும். இந்த வயதில் மூச்சு வாங்க ஓடுவது நாளுக்கு ஒரு மணி நேரமாவது இருக்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை, உங்கள் ஒன்றரை வயதுப் பெண்ணுக்காக. புளியங்கொட்டை, சட்டைப் பட்டன், நிலக்கடலை எல்லாம் அவள் வாய்க்கும் மூக்குக்கும் போகும் அளவுதான். ஆடி முடித்ததும் எண்ணி டப்பாவில் போட்டு மூடுங்கள், எண்ணும் வேலையை அண்ணனிடமே கொடுங்கள். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் உள்ளே ஏதோ மாட்டியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். நீங்களே குத்தி எடுக்கப் பார்க்காதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும். எல்லாவற்றிலும் மோசமானது, விளக்கு எரியும் பொம்மைகளிலும் சின்ன ரிமோட்களிலும் இருக்கும் பட்டன் பேட்டரி. விழுங்கி உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அரித்துப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருப்பாள் என்ற சந்தேகமே போதும். வாந்தி எடுக்க வைக்காமல், 'தானா வந்துடும்' என்று காத்திருக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள்.

தண்ணீர் விளையாட்டு வெயிலுக்கு நல்லதுதான். ஒரு பேசின், ஒரு சொம்பு, ஒரு வடிகட்டி இருந்தால் ஒரு மணி நேரம் ஓடும், மிச்சத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றச் சொல்லுங்கள். பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், முடிந்ததும் பேசினைக் கவிழ்த்து வையுங்கள். தவழும், தத்தி நடக்கும் குழந்தைக்கு அரை வாளித் தண்ணீரே ஆபத்து. லீவில் பாட்டி ஊருக்கு அனுப்பினால் கிணறு, வாய்க்கால், குட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். 'பெரிய பசங்களோடதான் போயிருக்கான்' என்பது துணை ஆகாது.

வியர்வை கொட்டும் நாட்களில் மோர், இளநீர், நுங்கு எல்லாம் கொடுக்கலாம், பாட்டில் ஜூஸ் வேண்டாம். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். வெயிலில் ஆடிவிட்டு வந்து குழப்பமாகப் பேசினாலோ, உடம்பு கொதித்துத் துவண்டாலோ நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

தூக்கம் லீவில் பின்னால் தள்ளிப் போயிருக்கும். அவனுக்குப் பத்து மணி நேரமாவது வேண்டும். பள்ளி திறக்க இரண்டு வாரம் இருக்கும்போதே, சில நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னதாக எழுப்பிப் பழக்குங்கள், இரவுத் தூக்கம் தானாக முன்னால் வரும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போன் அவன் கண்ணில் படாமல் போய்விட வேண்டும்.

அப்புறம், அவனுக்கு 5 முதல் 6 வயதுக்குள் போட வேண்டிய டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி தடுப்பூசி) பூஸ்டர் ஊசி போட்டாகிவிட்டதா என்று தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். பாப்பாவுக்கும் 16 முதல் 24 மாதத்துக்குள் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணையும் டி.பி.டி. முதல் பூஸ்டரும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாம் இலவசம், பெரும்பாலும் புதன்கிழமை போடுவார்கள். இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போனால் ஒரே நடையில் முடித்துவிடலாம்.