வேனுக்குள் வீடு வந்துவிட்டது, பதிவுச் சான்றில் இன்னும் சரக்கு வாகனம்தான்

கேள்வி: பழைய டெலிவரி வேன் ஒன்றை வாங்கி, உள்ளேயே தங்கிச் சமைத்துப் பயணிக்கும் கேம்பர் வேனாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். கட்டிலும் சிங்க்கும் வைத்தாயிற்று, அடுப்பு வேலை பாக்கி. பதிவுச் சான்றில் ‘சரக்கு வாகனம்’ என்றே இருக்கிறது. அதை மாற்றியே ஆக வேண்டுமா? ‘வண்டிக்குள் நீ என்ன வைத்தால் அவர்களுக்கென்ன’ என்கிறார் நண்பர்.

பதில்: விபத்தோ திருட்டோ நடக்காத வரை நண்பர் சொல்வது சரியாகத்தான் தெரியும். நடந்துவிட்டால் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வண்டியைப் பார்க்க வரும் சர்வேயர் கையில் பாலிசி நகல் இருக்கும். அதில் சரக்கு வேன், எதிரே மெத்தையும் கேஸ் அடுப்பும். அந்த இடத்தில் நண்பர் உதவிக்கு வரமாட்டார்.

மாற்ற வேண்டுமா என்பது நீங்கள் இருக்கும் நாட்டைப் பொறுத்தது. விதிகள் ஒன்றுக்கொன்று ஒட்டவே ஒட்டாது. பிரிட்டனில் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ. உள்ளே கட்டில், மேசை, சமையல் வசதி இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்பதில்லை. சாலையில் போகும்போது வெளியிலிருந்து பார்த்தால் கேம்பர் என்று தெரிகிறதா என்றும் பார்க்கிறது. பக்கவாட்டு ஜன்னல்கள், நிழல்துணி கட்டும் பட்டை, உயர்த்திய கூரை போன்றவை இல்லையென்றால் ‘ஜன்னல் வைத்த வேன்’ என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். உள்ளே அரண்மனையே கட்டியிருந்தாலும் அதுதான் கதை. ஜெர்மனியில் அங்கீகரிக்கப்பட்ட நிபுணர் வண்டியைச் சோதித்த பிறகே பதிவில் வகை மாறும். இந்தியாவில் கெடுபிடி அதிகம். தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதற்குக் கண்டிப்பாகவே பொருள் சொன்னது. அங்கே வேலை தொடங்கும் முன்பே அனுமதி விஷயத்தைப் பேசி முடித்துவிட வேண்டும்.

எனவே உங்கள் பதிவு அலுவலகத்தில் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். இந்த மாற்றத்துக்கு முன் அனுமதி வேண்டுமா? வாகன வகை, இருக்கை எண்ணிக்கை, எடை ஆகியவற்றில் எதைப் பதிவில் திருத்த வேண்டும்? பதில் வரும்வரை அடுப்பு வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

இன்னொன்று. சுவருக்குப் பலகை அடித்து மூடும் முன் ஒயர் போகும் வழி, கேஸ் குழாய், இருக்கையை இறுக்கிய போல்ட் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். மூடிய பிறகு எந்தச் சோதனையாளரும் உங்கள் வாய்வார்த்தையை நம்பமாட்டார். பிரித்துக் காட்டச் சொல்வார்.

கேள்வி: வேனுக்கு இருக்கும் வணிக வாகன பாலிசி முடிய இன்னும் சில மாதம் இருக்கிறது. அது முடிந்ததும் கேம்பர் பாலிசிக்கு மாறிக்கொள்ளலாமா? இப்போதே சொன்னால் பிரீமியம் கூடிவிடும் என்று பயமாக இருக்கிறது.

பதில்: இப்போதே சொல்லுங்கள். பிரீமியத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் எந்தத் தகவலையும் மறைக்கக் கூடாது என்பதுதான் காப்பீட்டு ஒப்பந்தத்தின் அடிப்படை. கேஸ் அடுப்பு, கூடுதல் பேட்டரி, சோலார் பேனல், உள்ளே ஆள் தூங்குவது என எல்லாமே அதில் சேரும். மறைத்தது தெரிந்தால் க்ளெய்மைக் குறைக்கலாம், மறுக்கலாம், பாலிசியையே செல்லாது என்றும் சொல்லலாம். மூன்றாம் நபருக்கான இழப்பீட்டைச் சட்டம் கட்டாயப்படுத்துவதால் நிறுவனம் கொடுத்துவிட்டாலும், பல நாடுகளில் அந்தத் தொகையை உங்களிடமே திரும்பக் கேட்கும் உரிமை அதற்கு உண்டு.

வேலை நடக்கும் காலத்தைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. வெல்டிங் பொறி, பாதியில் விட்ட ஒயர், திறந்து கிடக்கும் வார்னிஷ் டப்பா என்று தீப்பிடிக்க எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் நேரம் அது. மாற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கென்றே பாலிசி தரும் நிறுவனங்கள் சில நாடுகளில் உண்டு. இன்ன தேதிக்குள் முடித்துப் படம் அனுப்ப வேண்டும் என்று நிபந்தனை போடுவார்கள். பிரீமிய பயத்தைப் பொறுத்தவரை, சும்மா இருந்து எதிர்பார்ப்பதைவிட விலை கேட்டுப் பார்ப்பது மேல். தினமும் சரக்கு ஏற்றி ஓடும் வண்டியைவிட எப்போதாவது சுற்றுலா போகும் வண்டிக்கு நிறுவனங்கள் குறைவாகக் கேட்பதும் உண்டு.

கேட்கும்போது மூன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். விடுமுறைக்கு மட்டும்தானா, அதிலேயே குடியிருக்கப் போகிறீர்களா, வாடகைக்கு விடுவீர்களா? ஒவ்வொன்றுக்கும் பாலிசி வேறு. போனில் ‘அதெல்லாம் பரவாயில்லை சார்’ என்று சொன்னால் அதையே மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.

அப்புறம் மதிப்பு. சாதாரண பாலிசியில் வண்டி போனால் சந்தை மதிப்புதான் வரும். அந்தக் கணக்கு பழைய டெலிவரி வேனின் விலையில் தொடங்கும். நீங்கள் போட்ட மரவேலையும் பேட்டரியும் அதில் தெரியாது. கிடைக்குமானால் ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ முறையில் எடுங்கள். தொகையை இரு தரப்பும் முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்வார்கள். அதற்குப் பில்களும் படங்களும் வேண்டும், சில நேரம் மதிப்பீட்டாளர் சான்றும் கேட்பார்கள். சொந்தக் கையால் உழைத்த நேரத்துக்குப் பில் கிடையாது. மதிப்பீட்டாளர் சான்று இருந்தால் அதிலும் ஓரளவு தேறும்.

கேள்வி: பின்னால் மரப்பெஞ்ச் செய்து அதில் இரண்டு சீட் பெல்ட் பொருத்தியிருக்கிறேன். குழந்தைகளை உட்காரவைத்து ஓட்டலாமா?

பதில்: கூடாது. மரத்தில் திருகிய பெல்ட், வண்டி மோதும்போது மரத்தோடு பிய்ந்து வந்துவிடும். பெல்ட்டின் பிடிமானம் வண்டியின் உலோகச் சட்டத்தோடு இறுகியிருக்க வேண்டும். சோதித்து அங்கீகரித்த இருக்கைகளை வாங்கி, தெரிந்தவர் கையால் பொருத்துங்கள். பிறகு பதிவிலும் பாலிசியிலும் இருக்கை எண்ணிக்கையைத் திருத்துங்கள். சான்றில் 3 இருக்கை, வண்டிக்குள் 5 பேர் என்றால் கூடுதல் இருவர் காயமடைந்தால் யார் பொறுப்பு என்று வழக்கு இழுக்கும்.

கேள்வி: ஏற்கெனவே மாற்றி முடித்த வேன் ஒன்று விற்பனைக்கு வருகிறது. பார்க்க மிக அழகாக இருக்கிறது. வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: அழகைக் கடைசியில் பாருங்கள், முதலில் எடைமேடைக்கு ஓட்டிப் போங்கள். ‘கேம்பர்’ என்று பதிவில் எழுதியிருக்கிறதா என்பதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். எடையைப் பற்றிக் கேட்பவர் குறைவு. என்னைக் கேட்டால் எடைதான் பெரிய விஷயம்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ ஒரு சிறிய தகடு அல்லது ஸ்டிக்கர் இருக்கும். பல வேன்களில் அதில் கிலோ கணக்கில் 4 எண்கள் வரிசையாக இருக்கும். முதலாவது வண்டியின் உச்ச எடை, இரண்டாவது டிரெய்லரோடு சேர்த்த எடை, மூன்றாவதும் நான்காவதும் முன் சக்கர அச்சும் பின் சக்கர அச்சும் தாங்கும் எடை.

உச்ச எடை 3,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மரவேலையெல்லாம் முடிந்த காலி வண்டி எடைமேடையில் 3,050 காட்டுகிறது. மீதி 450. நான்கு பேர் ஏறினால் 300 போயிற்று. 100 லிட்டர் தண்ணீர் என்றால் இன்னொரு 100 கிலோ. துணிமணி, பாத்திரம், சைக்கிள், சாப்பாடு எல்லாம் மிச்சமிருக்கும் 50 கிலோவுக்குள் அடங்குமா? அடங்காது. அதிக எடையோடு பிரேக் பிடிக்காமல் மோதினால் அபராதம் ஒரு பக்கம், காப்பீட்டு நிறுவனம் கேட்கும் கேள்வி மறுபக்கம். ஐரோப்பாவில் பலருடைய சாதாரண கார் உரிமம் செல்லுபடியாகும் எல்லையும் அந்த 3,500தான். மொத்த எடை சரியாக இருந்தும் பின் அச்சு மட்டும் மீறுவது உண்டு. தண்ணீர்த் தொட்டியையும் பேட்டரியையும் பின்னால் வைத்த வண்டிகளில் இது சகஜம். எனவே அச்சுகளைத் தனித்தனியாக எடை போடச் சொல்லுங்கள்.

அடுத்தது கேஸ். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் அலமாரி படுக்கும் இடத்திலிருந்து முழுவதும் அடைபட்டு, அடியில் வெளியே போக ஓட்டையோடு இருக்க வேண்டும். பொருத்தியவர் கொடுத்த சான்றைக் கேளுங்கள். இல்லையென்றால் சோதனைச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

காகிதங்களில் எஞ்சின் எண், சேசிஸ் எண், வாகன வகை, இருக்கை எண்ணிக்கை எல்லாம் வண்டியோடு பொருந்துகின்றனவா, கடன் பாக்கி உண்டா என்று பாருங்கள். பணம் கொடுக்கும் முன்பே படங்களை அனுப்பி உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் விலை கேளுங்கள். அவர்கள் எடுக்கத் தயங்கினால் காரணத்தைக் கேட்டு வாங்குங்கள், விற்பவரிடம் பேரம் பேச அதுவே போதும். எடைமேடைக்கு வரவே மாட்டேன் என்று விற்பவர் சொன்னால் வேறு வேன் பாருங்கள்.