மகாயான சூத்திரங்களும் ஆதி பௌத்தமும்: கேள்வி பதில்

கேள்வி: சூனியம் (எதற்கும் தன்னியல்பு, அதாவது தானாக நிலைக்கும் இயல்பு, இல்லை என்பது) மகாயான அறிஞர் நாகார்ஜுனர் புதிதாகக் கிளப்பிய கொள்கைதானே?

பதில்: அவரே அப்படிச் சொல்லவில்லை. அவர் எழுதிய மூலமத்யமக காரிகை 15ஆம் அத்தியாயம், 7ஆம் காரிகையைப் பாருங்கள். காத்தியாயனர் என்ற சீடருக்குச் செய்த உபதேசத்தில் ‘உண்டு’, ‘இல்லை’ இரண்டையும் புத்த பகவான் மறுத்தார் என்கிறார். அந்த உபதேசம் பாலியில் சம்யுத்த நிகாயம் 12.15, சீன சம்யுக்த ஆகமத்தில் 301 (நிகாயம் என்பது பாலியில் உள்ள உபதேசத் தொகுப்பு, ஆகமம் அதற்கு இணையான சீனத் தொகுப்பு). மூன்றையும் அருகருகே வைத்துப் படியுங்கள். பாலியில், உலகம் தோன்றுவதை உள்ளபடி காண்பவருக்கு ‘இல்லை’ என்ற எண்ணம் எழாது. மறைவதைக் காண்பவருக்கு ‘உண்டு’ என்பது எழாது. அடுத்துப் பன்னிரு சார்புகள் (ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் பன்னிரண்டு கண்ணிகள்) வந்துவிடும். நாகார்ஜுனரோ அதே உபதேசத்தை, தர்மங்களுக்கு (அனுபவத்தின் அடிப்படைக் கூறுகளுக்கு) தன்னியல்பு உண்டு என்ற அபிதர்மவாதிகள் (உபதேசங்களைக் கூறு கூறாகப் பகுத்தாய்ந்தவர்கள்) மீது திருப்புகிறார். அந்த வாதம் 12.15இல் கிடையாது. எடுத்த வாசகம் எது, எதிராளி யார் என்று பிரித்துப் பார்க்காவிட்டால், ‘எல்லாம் புத்தரே சொன்னது’ அல்லது ‘எல்லாம் இட்டுக்கட்டியது’ என்று ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடுவோம்.

கேள்வி: பாலி என்றால் ஆதி, சமஸ்கிருதம் என்றால் பிற்காலம். சரியா?

பதில்: தவறு. புத்தவம்சமும் அபதானமும் பாலிதான், இரண்டும் பிந்தியவை. மொழிபெயர்த்த ஆண்டையும் நம்பாதீர்கள். மகாயான நூலான அஷ்டசாகஸ்ரிகா பிரஜ்ஞாபாரமிதை சீனத்துக்குப் போனது கி.பி. 179இல், ஆதி உபதேசத் தொகுப்பான மத்யம ஆகமம் முழுதாகப் போனது 397-398இல். அதை வைத்து எது மூத்தது என்று தீர்மானிக்க முடியாது.

கேள்வி: ஹீனயானத்தில் போதிசத்துவர் (புத்தராகப் போகிறவர்) உண்டா?

பதில்: ஹீனயானம் (‘தாழ்ந்த வாகனம்’) வசைச்சொல், பாலி மரபைத் தேரவாதம் என்று எழுதுங்கள். உண்டு. மஜ்ஜிம நிகாயம் 26இல், ஞானம் பெறுமுன் இருந்த தம்மைப் புத்தர் அப்படித்தான் குறிப்பிடுகிறார்.

கேள்வி: ததாகதகர்ப்பம் (உயிர்களுக்குள் இருக்கும் புத்தராகும் வித்து) ஆத்மாவேதான். ஒளிரும் சித்தம் (மனம்) என்று புத்தரே சொன்னாரே?

பதில்: அங்குத்தர நிகாயம், முதல் நிபாதம்: சித்தம் ஒளிர்வது, வந்து சேரும் மாசுகளால் அழுக்காகிறது. இதை அறிந்தவருக்கே சித்தப் பயிற்சி உண்டு. புத்தராகும் வித்தைப் பற்றி அங்கே ஒரு சொல் இல்லை. லங்காவதாரம் என்ற மகாயான சூத்திரத்தில் மகாமதி என்ற போதிசத்துவர் உங்கள் கேள்வியையே கேட்கிறார். நைராத்மியம் (ஆத்மா இல்லை) என்றதும் அஞ்சுகிற பேதையருக்காகச் சொன்னது, ஆத்மவாதம் அல்ல என்பதே அங்கு கிடைக்கும் பதில்.

அதே வாசகர்: மகாபரிநிர்வாண சூத்திரம் ஆத்மா என்றே சொல்கிறதே?

பதில்: மகாயானத்தின் மகாபரிநிர்வாணம் வெளிப்படையாகவே சொல்கிறது, ஒப்புக்கொள்கிறேன். இந்த இடத்தில் அதுவும் லங்காவதாரமும் ஒத்துப்போகவில்லை. ஆனால் தீக நிகாயம் 16க்கும் அதே பெயர்தான். அது வேறு நூல். தயவுசெய்து எண்ணோடு மேற்கோள் காட்டுங்கள்.

கேள்வி: பாலி நூல்கள் எல்லாமே ஆதிதானே?

பதில்: மேலே சொல்லியாயிற்று. புத்தவம்சம், அபதானம்.

கேள்வி: தாரணி மந்திரங்கள்?

பதில்: என் துறை அல்ல. தந்திர நூல்கள் படித்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: ஆத்மா விவாதத்துக்கே வருகிறேன். ஆத்மா உண்டா என்று வச்சகோத்தர் என்ற நாடோடித் துறவி கேட்டபோது புத்தர் மௌனம் காத்தாரே, அப்போது மறுக்கவில்லைதானே?

பதில்: சம்யுத்த நிகாயம் 44.10. பாதியில் நிறுத்தாதீர்கள். வச்சகோத்தர் போனபின் சீடர் ஆனந்தர் காரணம் கேட்கிறார். ‘உண்டு’ என்றால் சாசுவதவாதிகள் (ஆத்மா என்றும் அழியாது என்பவர்கள்) பக்கம், ‘இல்லை’ என்றால் உச்சேதவாதிகள் (மரணத்தோடு எல்லாம் அழியும் என்பவர்கள்) பக்கம் சேர்ந்ததாகும் என்கிறார் புத்தர். மேலும், ‘உண்டு’ என்று சொன்னால், தர்மங்கள் அனைத்தும் அனாத்மா (ஆத்மா அல்ல) என்ற ஞானம் எழ அது இசையுமா என்று அவர் கேட்க, இசையாது என்கிறார் ஆனந்தர்.