மத்தளம் முதலில், தேர்தல் பிறகு

கேள்வி: என் அப்பா கூத்து அண்ணாவியார், கூத்தைப் பழக்கி ஆட்டுவிப்பவர். 2006இல் போரால் சம்பூரை விட்டு ஓடியபோது கூத்துப் பாட்டு எழுதிய கொப்பிகள் எல்லாம் போய்விட்டன. அண்ணா கனடாவில், அவருக்கு இதில் நாட்டமில்லை. நான் அப்பாவிடம் மத்தளம் பழகுகிறேன். கோயிலில் கூத்து ஆடும் களரியில் பொம்பிளைப் பிள்ளை மத்தளம் அடிக்கக் கூடாது என்று மாமாமார் சத்தம் போடுகிறார்கள். மாதர் சங்கத்தில் என்னை அடுத்த பிரதேச சபைத் தேர்தலில் நிற்கச் சொல்கிறார்கள். எதை எடுப்பது, எதை விடுவது?
வாசகி, சம்பூர்

பதில்: தங்கச்சி, ஒன்றையும் விட வேண்டாம். ஆனால் எது முதலில் என்பது முக்கியம். சபைத் தேர்தல் 2025 மே மாதம்தான் நடந்தது. அடுத்ததற்குக் காலம் கிடக்கிறது. அப்பாவின் கைக்கும் தொண்டைக்கும் அப்படித் தவணை இல்லை.

பாட்டை மட்டும் எழுதி வைப்பதோடு நின்றுவிடாதீர்கள். பாட்டு இன்னும் நாலு பேர் வாயில் இருக்கும். அரசன் களரிக்குள் வரும்போது ஒரு வரவுத் தாளம், பெண் பாத்திரத்துக்கு இன்னொன்று. எங்கே விரைவது, எங்கே தாளம் தீர்த்து ஆட்டக்காரரைப் பாட விடுவது என்பதெல்லாம் அண்ணாவியாரின் விரலில்தான் இருக்கிறது. முதலில் தாளத்தின் சொற்கட்டை, அதாவது மத்தள அடிகளுக்கான சொற்களை, வாயால் சொல்லச் சொல்லுங்கள். பிறகு அதையே மெதுவாக அடிக்கச் சொல்லி, மத்தளத்தின் இரண்டு பக்கமும் தெரியும்படி ஃபோனை வைத்துப் பதியுங்கள். ஒரு பிரதி கனடாவுக்குப் போகட்டும். இடம்பெயர்ந்த குடும்பம் எதையும் ஒரே இடத்தில் வைத்திருக்கக் கூடாது.

ஆண்கள் சேலை கட்டித் திரௌபதியாக ஆடிய களரி அது. மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இன்று பெண்பிள்ளைகளும் கூத்துப் படிக்கிறார்கள். மாமாமார் சொல்வது பழக்கம், பழக்கம் மாறும்.

தேர்தலுக்கு வருவோம். பெண்களுக்கு 25 சதவீதம் என்ற ஒதுக்கீடு 2018 பெப்ரவரித் தேர்தலில்தான் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. கட்சியின் வேட்பாளர் பட்டியலை நிரப்பக் கடைசி நேரத்தில் பெண் பெயர் தேடி வருகிறவர்களுக்குத் தலையாட்டாதீர்கள். உங்கள் வட்டாரத்திலேயே நிற்கக் கேளுங்கள். அதுவரை, ராசா வேஷம் யாருக்கு என்று வரும் சண்டையை அப்பா எப்படித் தீர்க்கிறார் என்று பக்கத்தில் இருந்து பாருங்கள். சபைக்குப் போக நினைக்கிறவளுக்கு அதைவிட நல்ல படிப்பு எனக்குத் தெரியவில்லை.

மாமாமாரோடு நீங்கள் வாதாட வேண்டாம். அடுத்த கூத்துக்குச் சட்டம் கொடுக்கும் நாளில், அதாவது ஆட்டக்காரருக்கு அவரவர் பாத்திரத்தைப் பகிர்ந்து கொடுக்கும் நாளில், ஊரார் முன்னால் அப்பாவே மத்தளத்தை உங்களிடம் தரட்டும். அவர் தந்தால் எதிர்த்துப் பேச ஆள் இராது. தருவாரா என்று இன்றிரவே கேளுங்கள்.