ரீமர் நுழையும், பூட்டு தாங்குமா?

கேள்வி: உரிமத்துடன் நான் வைத்திருப்பது ஒற்றைத் தோட்டா ரைஃபிள், நடுவில் மடித்துத் திறக்கும் வகை. .30-30 வின்செஸ்டர் தோட்டாவுக்கானது. தோட்டா அறையை மட்டும் பெரிதாக்கி .308 வின்செஸ்டர் போடலாம் என்கிறார் நண்பர். இரண்டிலும் குண்டின் விட்டம் ஒன்றுதானே?

பதில்: விட்டம் ஒன்றுதான். நண்பர் கணக்கை அதோடு நிறுத்திவிட்டார்.

அறையைப் பெரிதாக்கும் வெட்டுக்கருவியான ரீமரால் இரும்பைச் சுரண்டி எடுக்க முடியும், திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே புதிய தோட்டா எல்லா இடத்திலும் பழையதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். .308 பருமன்தான், ஆனால் அதன் கூட்டின், அதாவது பித்தளை உறையின், நீளம் 51.2 மி.மீ. .30-30 கூடோ 51.8 மி.மீ. கூட்டின் வாயருகே, அறைச் சுவரில் பழைய பள்ளம் ஒரு வளையமாக நின்றுவிடும். பின்பக்கம் அதைவிட மோசம். .30-30க்கு அடியில் விளிம்பு உண்டு. அது உட்கார வெட்டிய அகலமான பள்ளத்தில், விளிம்பு துருத்தாத .308இன் அடிப்பகுதி சுற்றிலும் பிடிமானமில்லாமல் நிற்கும். கூட்டை வெளியே இழுக்கும் கொக்கியையும் மாற்ற வேண்டும்.

இவற்றையெல்லாம் நல்ல கைகாரர் சமாளித்துவிடுவார் என்றே வைத்துக்கொள்வோம். மடித்து மூடியதும் குழலை இறுக்கிப் பிடிக்கும் பூட்டை என்ன செய்வது? .30-30இன் அழுத்த உச்சவரம்பு 42,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு); .308க்கு 62,000. அடிப்பகுதியின் விட்டமும் 10.7 மி.மீ.யிலிருந்து 11.9 ஆகிறது. அழுத்தத்தை அடிப்பகுதியின் பரப்பால் பெருக்கிப் பாருங்கள்: பூட்டின் மீது விழும் உதை ஏறக்குறைய 1.8 மடங்கு. அந்தப் பூட்டுக்குப் பின்னால்தான் உங்கள் கன்னம் இருக்கிறது. என் பட்டறைக்கு வந்திருந்தால் கொண்டுவந்தபடியே திருப்பித் தந்திருப்பேன்.

மாற்றியே தீர வேண்டுமென்றால் .30-30 ஆக்லி இம்ப்ரூவ்ட் என்ற, .30-30இன் மாற்று வடிவம் இருக்கிறது. அதே விளிம்பு, அதே குண்டு. கூட்டின் உடல் நேராகி, அது கழுத்தாக ஒடுங்கும் தோளின் சரிவு 40 பாகையாகிறது. சாதாரண .30-30 தோட்டாவையே அதில் சுடலாம்; கூடு புது வடிவத்தில் உப்பி வெளியே வரும். வேகம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். பூட்டு அதற்கும் தகுமா என்று துப்பாக்கி பழுதுபார்க்க உரிமம் பெற்றவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வேலை கொடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள். ரீமரைச் சிறிது செலுத்தியதும் வெளியே எடுத்து, சீவலைத் துடைத்து, எண்ணெய் விட்டு மறுபடி செலுத்துகிறாரா? தொழில் பழகிய நாளில் நான் அவசரப்பட்டு ஒரே மூச்சில் இறக்கினேன். சிக்கிய ஒரு சீவல் அறைச் சுவரைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டது. சுட்ட கூடு வெளியே வர மறுத்தது. குழலின் வாய்ப்பக்கமிருந்து கம்பி விட்டுத் தட்டித்தான் எடுத்தோம். பித்தளையின் இடுப்பில் அரைஞாண் கட்டியதுபோல் ஒரு தடம். ஆசான் அந்தக் கூட்டை என் மேசையிலேயே வைத்துவிட்டார், மாதக்கணக்கில்.

குழலில் பொறித்த பழைய பெயரை அடித்துவிட்டுப் புதியதைப் பொறிக்கச் சொல்லுங்கள். உரிமத்தில் தோட்டா வகை குறித்திருந்தால், வேலைக்கு முன்பே அனுமதியும் வாங்கிவிடுங்கள்.